குமரியிலிருந்து கோடம்பாக்கத்துக்கு: நடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கருங்கலிலிருந்தோ குலசேகரத்திலிருந்தோ மாதம் ஒருவராவது எனக்குப் போன் செய்கிறார்கள். "அண்ணே, நடிக்கணும்னு ஆச இருக்கு. சென்னைக்கு வந்தா யாரப் பாக்கணும்?" நான் தக்கலைப் பக்கத்துக்காரன். பத்து வருடத்துக்கு மேலாகச் சென்னையில் சின்ன வேடம், சீரியல், விளம்பரம், டப்பிங் என்று ஓடிக்கொண்டிருக்கிறேன். போனில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

யாரைப் பார்ப்பது என்பது மூன்றாவது கேள்வி. எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் காசு இருக்கிறது என்பது முதல் கேள்வி. உங்களிடம் இருந்து மட்டுமே கிடைக்கக்கூடியது என்ன என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் பதில் இருந்தால் மூன்றாவது தானாக நடக்கும். பதில் இல்லாமல் வந்த பலர் ஆறாவது மாதம் ஊருக்கு ரயில் ஏறியதைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் என்னைவிட நன்றாக நடிக்கத் தெரிந்தவர்களும் உண்டு.

கிளம்புவதற்கு முன் ஒரு வருடம்

நடிப்பைச் சென்னையில் போய்த்தான் தொடங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் மேடைக்குப் பஞ்சமே இல்லை. கிறிஸ்துமஸ் நாடகம், அம்மன் கோயில் கொடைவிழா, கல்லூரி ஆண்டுவிழா எல்லாமே மேடைதான். எதையும் சின்னது என்று ஒதுக்காதீர்கள். மைக் கரகரக்கும், குழந்தை அழும், நாலாவது வரிசையில் யாரோ எழுந்து போவார். அதற்கு நடுவில் வசனத்தை விடாமல் பிடித்து நிற்கிற பழக்கம் எந்த வகுப்பிலும் கிடைக்காது.

குறிப்பாக, வில்லுப்பாட்டை ஒரு முழு ராத்திரி உட்கார்ந்து பாருங்கள். பாட்டுக்கு முன்னிற்கும் புலவர் ஒரே ஆள். கையில் வீசுகோல், முன்னால் வில், பக்கத்தில் குடமும் உடுக்கையும். அவரே ராஜா, அவரே அழுகிற தாய், அவரே கொலைகாரன். உடை மாற்றுவதில்லை, எழுந்து நடப்பதும் இல்லை. குரலையும் கழுத்தையும் மாற்றியே ஆளை மாற்றிவிடுவார். பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுகிற இடத்தைக் கவனியுங்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது காது கொடுத்து, சரியான கணத்தில் எதிர்வினை காட்டுவதுதான் அது. கேமரா முன்னால் பாதி வேலை இதுதான். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் தொடங்கி, நாடகக் கம்பெனிக்குப் போய், 1930-களில் சினிமாவுக்கு வந்தவர். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேச்சு. இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் சென்னைக்கு வந்ததும் செய்கிற முதல் காரியம் தங்கள் பேச்சை மறைப்பது. "நீ மலையாளியா?" என்று நாலு பேர் கேட்டதும் கூச்சம் வந்துவிடுகிறது. நானும் ஒன்றரை வருடம் அப்படித்தான் இருந்தேன். "எனக்க அம்மை" என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு "எங்க அம்மா" என்பேன். அப்புறம் ஒரு குறும்பட ஆடிஷனில் மீனவர் பாத்திரத்துக்கு ஆள் தேடினார்கள். வந்த பதினைந்து பேரும் சினிமாவில் கேட்ட ஏதோ ஒரு தென்மாவட்டப் பேச்சைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குளச்சலில் சித்தப்பா பேசுவதை அப்படியே பேசினேன். வேடம் கிடைத்தது. மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் புரியவைக்க வேண்டியது எனக்கு நாக்கிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஊர்ப் பேச்சு ஒன்றே போதாது. மூன்று தமிழ் வேண்டும். ஒன்று உங்கள் ஊருடையது. அதிலும் விளவங்கோட்டுப் பேச்சு வேறு, நாஞ்சில் நாட்டுப் பேச்சு வேறு, கடற்கரைப் பேச்சு வேறு. இரண்டாவது, எந்த ஊர் என்று தெரியாத பொதுத் தமிழ். விளம்பரத்துக்கும் பெரும்பாலான சீரியலுக்கும் டப்பிங்குக்கும் அதுதான் வேண்டும். தினமும் அரைமணி நேரம் செய்தித்தாளைச் சத்தமாகப் படித்து, போனில் பதிவுசெய்து கேளுங்கள். வாக்கியத்தின் கடைசியில் குரல் மேலே இழுபடுகிறதா என்று பாருங்கள். நம்மில் பலருக்கு அந்த ராகம் உண்டு. மூன்றாவது சென்னைப் பேச்சு. அதை அங்கே போனபிறகு டீக்கடையில் கற்றுக்கொள்ளலாம். ஒரே காட்சியை மூன்றிலும் பேசிப் பார்ப்பது நல்ல பயிற்சி. மலையாளம் தெரிந்தால் அது நாலாவது. கேரள எல்லையான களியக்காவிளை தாண்டினால் இன்னொரு சினிமா உலகம் இருக்கிறது, அங்கே தமிழ் பேசும் பாத்திரங்களுக்கு ஆள் தேவைப்படுகிறது.

திருவனந்தபுரம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணம். 1996-இல் தொடங்கிய கேரளச் சர்வதேசத் திரைப்பட விழா டிசம்பரில் அங்கேதான் நடக்கிறது. பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு ஒரு வாரம் முழுக்கப் படம் பாருங்கள். சென்னையில் பிறந்த பையனுக்கு இல்லாத வசதி இது.

அப்புறம் உடம்பு. நீச்சல், பைக், கார் ஓட்டுதல், மரம் ஏறுதல், வள்ளம் தள்ளுதல், எது தெரிந்தாலும் அது தகுதிதான். அடிமுறை நம் மண்ணின் தற்காப்புக் கலை. ஆசான்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆறு மாதம் கற்றுக்கொண்டாலே நிற்கிற விதமும் திரும்புகிற விதமும் மாறிவிடும்.

முறையாகப் படிக்க விருப்பமென்றால் வழிகள் உண்டு. டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி மூன்று வருடப் படிப்பு. பட்டமும் நாடக அனுபவமும் கேட்பார்கள், உதவித்தொகை உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் நடிப்புக்கெனப் படிப்பு இருக்கிறது. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துறை இருக்கிறது. சென்னையில் 1977-இல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, விமல், விதார்த், குரு சோமசுந்தரம் எனப் பலர் வந்தார்கள். விஜய் சேதுபதி அங்கே கணக்காளராக வேலை பார்த்துக்கொண்டே கவனித்துக் கற்றவர். "படித்தால் வேடம் உறுதி" என்று எந்த நல்ல இடமும் சொல்லாது. அப்படிச் சொன்னால் அந்த இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

காசுக் கணக்கு

வடபழனி, சாலிகிராமம் பக்கம் மூன்று நாலு பேர் சேர்ந்து தங்கினால் தலைக்கு ஐந்தாயிரம் ரூபாய் அளவில் வாடகை வரும். சாப்பாட்டுக்கு ஐந்தாயிரம் முதல் ஆறாயிரம். மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் பயணிக்கும் மாத பாஸ் 1000 ரூபாய். போன், துணி துவைப்பு, மருந்து, ஒரு ஆடிஷனுக்கு இஸ்திரி போட்ட சட்டை என்று இன்னும் இரண்டாயிரம். ஆக மாதம் சுமார் பதினாலாயிரம். ஆறு மாதத்துக்கு 84,000. இதோடு ரூம் அட்வான்ஸில் உங்கள் பங்கு. சுற்றி வளைத்து ஒரு லட்சம் கையில் இல்லாமல் கிளம்ப வேண்டாம் என்பது என் கருத்து. அந்த ஒரு வருடம் ஊரில் ஏதாவது வேலை பார்த்து இதைச் சேர்த்துவிடுங்கள். அப்பாவின் ரப்பர் காசிலோ அம்மையின் நகையிலோ கை வைக்காதீர்கள். அந்தப் பாரம் ஆடிஷன் அறைக்குள்ளும் கூடவே வரும். முகத்தில் தெரியும்.

அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. பெரிய நடிகனாகப் போகிறேன் என்று வெட்கப்பட வேண்டியதில்லை. பல நாள் என் மதியச் சாப்பாடு அங்கேதான்.

வந்த பத்தாவது நாளே ஒரு வேலை தேடிக்கொள்ளுங்கள். நேரத்தை நீங்கள் தீர்மானிக்கிற வேலையாக இருக்கட்டும். சுவிக்கி, சொமாட்டோ டெலிவரி, மாலை நேர ட்யூஷன், கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி ஷிப்ட் கால்சென்டர். ஆடிஷன்கள் பெரும்பாலும் பகலில் நடக்கும், முந்தின நாள் ராத்திரிதான் தகவல் வரும். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை கட்டிப்போடும் வேலை எடுத்தால் சம்பளம் வரும், நடிப்பு போய்விடும்.

ரயிலும் ரூமும்

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அனந்தபுரியும் நம் வழியாகத்தான் போகிறது. 2024 ஆகஸ்டிலிருந்து நாகர்கோவிலில் இருந்து வந்தே பாரத் ஓடுகிறது. ஆனால் அது ராத்திரியில் கொண்டுபோய் இறக்கும். முதல் பயணத்துக்குக் காலையில் இறங்குவதுதான் நல்லது. எழும்பூரிலிருந்து மெட்ரோவில் ஏறினால் மாறாமல் வடபழனியில் இறங்கலாம். பஸ்ஸில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து ஊருக்குள் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை பெட்டியோடு குடிபெயர்ந்து வராதீர்கள். நாலு நாள் மட்டும் வந்து, தெரிந்தவர் ரூமில் தங்கி, பகுதியைச் சுற்றிப் பாருங்கள். வடபழனி, சாலிகிராமம், விருகம்பாக்கம், வளசரவாக்கம், கே.கே.நகர். ஏவிஎம், பிரசாத் போன்ற ஸ்டுடியோக்கள் இந்த வட்டாரத்தில் இருந்ததால்தான் சினிமாக்காரர்கள் இங்கே குடியேறினார்கள். இன்றும் உதவி இயக்குநர்கள், எடிட்டிங் ரூம்கள், டப்பிங் தியேட்டர்கள் இங்கேதான் அடர்த்தி. ஒரு டீக்கடையில் தினமும் ஒரே நேரத்தில் நின்றால் மூன்று மாதத்தில் முப்பது பேரைத் தெரிந்துவிடும்.

ரூம் விஷயத்தில் ஒன்று: ஐந்து மாதம், பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது இங்கே வழக்கம். தனியாக எடுக்காதீர்கள். ஏற்கெனவே ஓடுகிற ரூமில் ஒரு ஆளாகச் சேருங்கள். முடிந்தால் சினிமாவில் இருக்கும் உதவி இயக்குநர்களோடு. ரூமில் நடக்கும் கதை விவாதத்தைக் கேட்பதே ஒரு படிப்பு. பெண்கள் ரூம் தேடும்போது வாடகையைவிட, ராத்திரி பதினொரு மணிக்குத் திரும்பினால் கதவு திறப்பார்களா என்பதை முதலில் கேளுங்கள். நிறைய ஹாஸ்டல்களில் ஒன்பதரைக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஷூட்டிங் அந்த நேரத்துக்கு முடியாது.

போட்டோவும் அறிமுக வீடியோவும்

இதற்கு ஐம்பதாயிரம் செலவு செய்ய வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால், மேக்கப் இல்லாமல் ஐந்து படங்கள் போதும்: நேர் முகம், இரண்டு பக்கவாட்டு முகம், இடுப்பு வரை, முழு உருவம். கூலிங்கிளாஸ் வேண்டாம், பில்டர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எடுங்கள். தாடி வளர்த்தால் உடனே எடுங்கள். போட்டோவில் ஒரு முகமும் நேரில் ஒரு முகமும் இருந்தால் வரச் சொன்னவருக்கு எரிச்சல்தான் வரும்.

அறிமுக வீடியோ ஒரு நிமிடம். போனைப் படுக்கைவாட்டில் பிடித்து எடுங்கள். பெயர், வயது, உயரம், ஊர், தெரிந்த மொழிகள், தெரிந்த வேலைகள். அடுத்து ஒன்றரை நிமிடத்துக்குள் இரண்டு காட்சிகள், ஒன்று அடங்கிய நடிப்பு, ஒன்று கலகலப்பு. பிரபலமான பட வசனத்தைப் பேசாதீர்கள். அதைக் கேட்டதும் பார்ப்பவருக்கு அந்த நடிகர்தான் ஞாபகம் வருவார், நீங்கள் அல்ல. உங்கள் தெருவில் நடந்த ஒரு சண்டையை, ஒரு சாவு வீட்டுப் பேச்சை நீங்களே எழுதிப் பேசுங்கள்.

வாய்ப்பு எங்கே இருக்கிறது

பெரிய இயக்குநரின் ஆபீஸ் வாசலில் நிற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாட்ச்மேன் படத்தை வாங்கி வைப்பார், அதோடு சரி. ஆளைத் தேர்வுசெய்யும் வேலையை முதலில் செய்வது உதவி இயக்குநர்களும் இணை இயக்குநர்களும் காஸ்டிங் டைரக்டர்களும்தான். இன்றைய உதவி இயக்குநர் நாலு வருடத்தில் முதல் படம் எடுப்பார். அப்போது அவர் ஞாபகத்தில் நீங்கள் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி அவரோடு சின்னதாக ஏதாவது ஒன்றைச் சேர்ந்து செய்திருப்பது.

தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரி இருக்கிறது. இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு படிக்கிற மாணவர்கள் பயிற்சிப் படம் எடுப்பார்கள். அவர்களுக்கு நடிகர்கள் தேவை. சம்பளம் இருக்காது, சாப்பாடு இருக்கும். ஆனால் முறையான கேமரா, முறையான வெளிச்சம், முறையான ஒலிப்பதிவோடு ஒரு காட்சி உங்கள் கையில் கிடைக்கும். லயோலா மாதிரி காட்சித் தொடர்பியல் துறை இருக்கும் கல்லூரிகளும் அப்படித்தான். முதல் வருடம் பத்துக் குறும்படமாவது செய்யுங்கள். அதற்குமேல் காசில்லாமல் செய்யாதீர்கள், குறைந்தபட்சம் போக்குவரத்துச் செலவையாவது கேளுங்கள்.

மேடை நாடகக் குழு ஒன்றில் சேருங்கள். படத்துக்கு ஆள் தேடும் உதவி இயக்குநர்கள் நாடகம் பார்க்க வருவார்கள். அதைவிட முக்கியம், வேலை இல்லாத மாதங்களில் உடம்பும் குரலும் துருப்பிடிக்காமல் இருக்கும்.

சீரியலைக் குறைத்து நினைக்காதீர்கள். ஒரே நாளில் பல காட்சிகள் எடுப்பார்கள். வசனத்தைக் காதில் வாங்கி உடனே பேசும் பழக்கம் வரும், மாதம் பிறந்தால் வருமானம் வரும். ஜூனியர் ஆர்ட்டிஸ்டாகக் கூட்டத்தில் நிற்கலாமா என்று கேட்பார்கள். ஷூட்டிங் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஐந்தாறு நாள் நின்று பாருங்கள். அதிலேயே இருந்துவிட்டால் உங்களைக் கூட்டத்தில் ஒருவராகவே பார்த்துப் பழகிவிடுவார்கள், பிறகு வசனம் கொடுக்கத் தயங்குவார்கள்.

ஆடிஷன், செட்

சொன்ன நேரத்துக்கு அரைமணி முன்னால் போங்கள். வசனத் தாள் கையில் வந்ததும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடாதீர்கள். இந்த ஆள் எதிரில் இருப்பவரிடம் என்ன வேண்டி நிற்கிறான் என்று மட்டும் கண்டுபிடியுங்கள். சொல் மாறினால் மன்னிப்பார்கள், அந்தத் தேவை மனதில் இல்லாமல் பேசினால் வசனத்தில் உயிர் இருக்காது. ஒருமுறை செய்து முடித்ததும் "வேற மாதிரி பண்ணுங்க" என்பார்கள். நீங்கள் சொதப்பிவிட்டதாக அர்த்தமில்லை. சொன்னதை வாங்கிக்கொள்கிற ஆளா என்று பார்க்கிறார்கள். முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். தினமும் போன் செய்து "சார், என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள்.

செட்டில் சில சொற்களை முன்னாலேயே தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். மார்க் என்றால் நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம். லுக் என்றால் கண் போக வேண்டிய திசை. சஜஷன் என்றால் ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொருவரை எடுக்கும் ஷாட். கன்டினியூட்டி என்றால் போன ஷாட்டில் டம்ளர் எந்தக் கையில் இருந்ததோ அதே கையில் இருப்பது. இதைக் கவனிக்க உதவி இயக்குநர் இருப்பார். ஆனாலும் நீங்களே ஞாபகம் வைத்திருந்தால் அவர் உங்களை மறக்க மாட்டார். பேட்டா என்றால் அன்றன்றைக்குக் கொடுக்கும் படிக்காசு.

சம்பளம் எவ்வளவு, எத்தனை நாள், டப்பிங்குக்குத் தனியாக உண்டா என்பதை நடிக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். பான் கார்டும் வங்கிக் கணக்கும் தயாராக இருக்கட்டும். 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு கொடுப்பார்கள். உங்கள் வருமானம் வரி கட்டும் அளவுக்கு இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம். பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏமாற்றுகிறவர்கள்

நான் வந்த இரண்டாவது மாதம் ஒரு ஆபீஸில் எட்டாயிரம் ரூபாய் கட்டினேன். ஹீரோவின் தம்பி வேடம், பதிவுக் கட்டணம், காஸ்ட்யூம் முன்பணம் என்றார்கள். சுவரில் பெரிய நடிகர்களோடு எடுத்த போட்டோக்கள். பத்து நாள் கழித்துப் போனால் பூட்டிக் கிடந்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் ஒரு வேளை சாப்பிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஆன்லைனில் அனுப்பிய காசு போனால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

நடிகன் காசு வாங்குகிறவன், கொடுக்கிறவன் அல்ல. ஆடிஷனுக்கு, கார்டுக்கு, போர்ட்போலியோவுக்கு, "டைரக்டருக்கு ஒரு கிப்ட்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

தங்கைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். உண்மையான ஆடிஷன் பகலில், ஆபீஸில், நாலு பேர் இருக்கும் இடத்தில் நடக்கும். ஹோட்டல் ரூமுக்கு வரச் சொன்னால் அது ஆடிஷன் அல்ல. முதல் தடவை போகும்போது துணைக்கு ஒருவரை அழைத்துப்போங்கள். "வேணாம், தனியா வாங்க" என்றால் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. போகும் இடத்தின் லொக்கேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். 181 மகளிர் உதவி எண். 2024 ஆகஸ்டில் கேரளத்தில், மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாலியல் தொல்லைகளைச் சொன்ன ஹேமா கமிட்டி அறிக்கை வெளியான பிறகு, அடுத்த மாதமே தென்னிந்திய நடிகர் சங்கமும் கூடி, குற்றம் உறுதியானால் ஐந்து வருடம் தொழில்தடைக்குப் பரிந்துரைப்பது என்று தீர்மானம் போட்டது. புகார் கொடுக்க ஒரு கதவு இருக்கிறது என்பது தெரிந்திருக்கட்டும்.

சங்க உறுப்பினர் கார்டு பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நடிகர் சங்கம், சின்னத்திரை நடிகர் சங்கம், டப்பிங் யூனியன் என்று தனித்தனியாக உண்டு. நடித்த ஆதாரங்கள் சேர்ந்தபிறகு நேராகச் சங்க அலுவலகத்துக்கே போய் விசாரியுங்கள். இடையில் யாரிடமும் காசு கொடுக்க வேண்டாம்.

வீட்டாரும், கெடுவும்

வீட்டில் மறைத்துவிட்டு வராதீர்கள். ஐடி கம்பெனியில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு வந்த ஒரு பையன், கல்யாண வீடுகளுக்கே போக முடியாமல் மூன்று வருடம் ஒளிந்து திரிந்தான். ஒரு கெடு சொல்லுங்கள். "ரெண்டு வருசம் பாக்கேன் அப்பா, அதுவரை காசு கேக்க மாட்டேன்" என்றால் பெரும்பாலான அப்பாக்கள் முணுமுணுத்துக்கொண்டே சம்மதிப்பார்கள்.

அந்தக் கெடு முடியும்போது "படம் கிடைத்ததா" என்று மட்டும் பார்க்காதீர்கள். போன வருடத்தைவிட அதிகம் பேர் கூப்பிடுகிறார்களா, தெரியாதவர் யாராவது உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவரிடம் அனுப்பினாரா, நடிப்பு சம்பந்தமான காசு மாத வாடகையையாவது தொட்டதா என்று பாருங்கள். மூன்றுக்கும் இல்லை என்றால் டப்பிங், உதவி இயக்கம், பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுப்பது என்று பக்கத்துக் கதவுகள் இருக்கின்றன. அவற்றில் நுழைந்த என் நண்பர்கள் சிலர் அங்கிருந்தே நடிக்கவும் செய்கிறார்கள்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது ஊருக்குப் போங்கள். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். கிறிஸ்துமஸ், பொங்கல் என்றால் அன்று காலை எட்டு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள். போகும்போது போனில் இடம் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். போன டிசம்பரில் நான் பதிவுசெய்து வந்தவை: பால்வெட்டுக்குப் போய்த் திரும்பும் ஒருவர் அன்றைய ரப்பர் விலையைத் திட்டுவது, குளச்சலில் மீன் ஏலம் போடுகிறவரின் குரல், வடசேரி பஸ்ஸ்டாண்டில் இரண்டு பாட்டிகள் மருமகளைப் பற்றிப் பேசியது, பக்கத்து வீட்டு மாமி பேரனை "மக்ளே, பைய போ" என்று சொல்லி அனுப்பியது. போன மாதம் ஒரு ஆடிஷனில் அந்த ஏலக்காரரின் மூச்சு வாங்கும் இடத்தை அப்படியே எடுத்து வைத்தேன். அடுத்த வாரம் இரண்டாவது சுற்றுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.